வெடிப்பும் சாரலும்: நெகிழ் மின்னணுவியலில் தென்மாவட்டப் பல்கலைக்கழக ஆய்வின் இடம்

1. கேள்வி

கோடையில் நீர் வற்றும்போது தென்காசி வட்டாரத்து இலத்தூர்க் குளத்து வண்டல் பாளம் பாளமாக வெடிக்கிறது. வண்டல் மெலிதாகப் படிந்த ஓரங்களில் பாளங்கள் சிறியவை; மண் கனத்துக் கிடக்கும் இடங்களில் சாண் அகலம், முழ அகலம். ஒரு வெடிப்புக்குள் இறங்கிய எறும்பு மேலேறாமலே வெகுதூரம் போய்விடலாம். வெடிப்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே வலையாகிவிடுகின்றன. 2014ஆம் ஆண்டையொட்டி, பெங்களூருவின் ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் ஜி.யு. குல்கர்னியின் குழுவினர் இத்தகைய வெடிப்பு வலையைப் பிளாஸ்டிக் தாளின்மேல் வரவழைத்தார்கள். அதையே அச்சாகக் கொண்டு, ஒளி புகக்கூடிய, மின்சாரம் கடத்தக்கூடிய, வளைத்தாலும் முறியாத படலம் ஒன்றைச் செய்து காட்டினார்கள்.

நெகிழ் மின்னணுவியல் பற்றித் தமிழில் வரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. சுருட்டி வைக்கும் திரை, சட்டையில் தைக்கும் மின்கலம், தோலில் ஒட்டும் மருத்துவக் கருவி எல்லாம் நாளையே கைக்கு வந்துவிடும் என்பது ஒரு வகை. தூய அறையும் கோடிக்கணக்கில் பணமும் இல்லாத கல்லூரிகளுக்கு அந்தத் துறையில் வேலையே இல்லை என்பது மற்றொன்று. தென்காசி, திருநெல்வேலி வட்டாரத்துக் கல்லூரிகளை வைத்து இந்த இரண்டாவது கூற்றைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பெரிய ஆலை இல்லாத ஓர் இயற்பியல் துறை இத்துறைக்கு மெய்யாகவே பயன்படும் அறிவைத் தர முடியுமா? முடியும் என்றால் எந்த வகை அறிவை?

2. வளைவின் கணக்கு

ஒரு பொருள் வளையுமா முறியுமா என்பதைத் தீர்மானிப்பதில் அதன் இயல்புக்கு இருக்கும் அதே பங்கு அதன் தடிமனுக்கும் உண்டு. தாளை வளைக்கும்போது வெளிப்பரப்பு இழுபடுகிறது, உட்பரப்பு அமுங்குகிறது, நடுவே ஒரு தளம் இரண்டுக்கும் ஆளாகாமல் இருக்கிறது. வெளிப்பரப்பு எவ்வளவு இழுபடுகிறது என்பதைத் தோராயமாகக் கணிக்கத் தடிமனை வளைவு ஆரத்தின் இருமடங்கால் வகுத்தால் போதும். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் தாளை ஒரு பென்சிலைச் சுற்றி, அதாவது சுமார் 4 மில்லிமீட்டர் ஆரத்தில் சுற்றினால், வெளிப்பரப்பு 1.25 சதவீதம் நீளும். தாளைக் கால்பங்காக மெலிதாக்கினால் அந்த நீட்சி 0.31 சதவீதமாகக் குறைந்துவிடும்.

இந்தக் கணக்கு பத்தமடைக்காரர்களின் கைக்கு நெடுங்காலமாகத் தெரியும். கோரைப் புல்லை நீரில் ஊறவைத்து, கிழித்து, மேலும் மேலும் மெலிதாக வகிர்ந்து நெய்வதால்தான் பத்தமடைப் பட்டுப்பாய் துணியைப்போல மடிகிறது. அதே கோரையில் தடித்த இழையால் நெய்த சாதாரணப் பாயைச் சுருட்டத்தான் முடியும். மடித்தால் மடிப்பில் முறியும். புல் மாறவில்லை, தடிமன்தான் மாறியிருக்கிறது. இத்துறைக்குப் புதிதாக வரும் மாணவருக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தோன்றவில்லை.

சிலிக்கானும் இப்படித்தான். தடித்த சிலிக்கான் தகடு கண்ணாடியைப்போல உடைந்துவிடும். சில மைக்ரான் அளவுக்கு மெலிந்தால் வளையும். 1960களிலேயே செயற்கைக்கோள்களுக்கான சூரிய மின்கலங்களில் சிலிக்கானை மெலிதாக்கிப் பிளாஸ்டிக்கின் மேல் அமைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1968வாக்கில் பீட்டர் பிராடியின் குழு காகிதப் பட்டையின் மேல் டெலூரியம் டிரான்சிஸ்டர் செய்தது. ஆகவே இத்துறைக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் வயதாகிறது. புதிதென்று இன்று நாம் கொண்டாடும் பலவும் பழைய எண்ணத்தின் மறுபிறப்பே.

உண்மையான தடை வேறிடத்தில் இருந்தது. தொடுதிரைகளிலும் ஒளி உமிழும் திரைகளிலும் ஒளி புகும் கடத்தியாக இன்றுவரை ஆள்வது இண்டியம் டின் ஆக்சைடு. இண்டியத்துக்கெனத் தனிச் சுரங்கம் கிடையாது என்றே சொல்லலாம். துத்தநாகத்தைப் பிரிக்கும்போது உபவிளைபொருளாகத்தான் அது பெரும்பாலும் கிடைக்கிறது. அதன் ஆக்சைடோ பீங்கான் சாதி. ஒன்றிரண்டு சதவீதம் நீண்டாலே கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து மின்தடை ஏறிவிடும். மேலே சொன்ன பென்சில் சோதனையிலேயே அது எல்லையைத் தொட்டுவிடுகிறது.

வெப்பம் இன்னொரு தடை. பெட் பாட்டில் செய்யும் அதே பெட் பிளாஸ்டிக், தாள் வடிவில், 80 டிகிரி செல்சியசுக்கு அருகிலேயே இளகத் தொடங்குகிறது. திரைகளில் பயன்படும் படிக ஒழுங்கற்ற சிலிக்கானுக்கோ பொதுவாக 250 டிகிரிக்கும் மேல் வேண்டும். 2004இல் ஜப்பானின் ஹிதேயோ ஹோசோனோ குழுவினர் இண்டியம், காலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடைக் கொண்டு அறை வெப்பநிலையிலேயே பெட் தாளின் மேல் டிரான்சிஸ்டர் செய்தது இந்த இடத்தில் திருப்புமுனை. அதற்கு முன்பே, 1977இல், ஷிராகாவா, மக்டயர்மிட், ஹீகர் மூவரும் பிளாஸ்டிக்கும் உலோகத்தைப்போலக் கடத்தும் என்று காட்டியிருந்தார்கள். 2000ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு அதற்குத்தான்.

3. வெடிப்பை வேலைக்கு அழைத்தல்

இண்டியம் டின் ஆக்சைடுக்கு மாற்றாக வெள்ளி நுண்கம்பிகளைத் தெளிப்பது ஒரு வழி. அதன் குறை, கம்பிகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே கிடக்கும் சந்திப்புகளில் மின்தடை கூடுவது. குல்கர்னி குழுவின் வழி இங்கேதான் சிறப்புப் பெறுகிறது. பிசின் கலந்த கூழ்மத்தைத் தாளின்மேல் மெலிதாகப் பூசுகிறார்கள். அது உலரும்போது சுருங்கப் பார்க்கிறது. அடிப்பக்கம் தாளோடு ஒட்டியிருப்பதால் சுருங்க முடியாமல் இழுவிசையில் வெடிக்கிறது. இலத்தூர் வண்டலுக்கு நேர்வதும் இதேதான். பூச்சு கனமானால் பாளங்கள் பெரிதாகும், மெலிந்தால் சிறிதாகும். ஓர் அளவுக்குக் கீழே வெடிப்பே வராது. வெடித்த பூச்சின்மேல் உலோக ஆவியைப் படியவிட்டு, பிறகு பூச்சைக் கரைப்பானில் கழுவிவிட்டால், வெடிப்புகளுக்குள் இறங்கிய உலோகம் மட்டும் தாளில் தங்கும். ஒரே தொடர்ச்சியான உலோக வலை. சந்திப்புத் தடை இல்லை. கண்ணுக்கு வலை தெரியாது, ஒளி தாராளமாகப் புகும்.

இந்த ஆய்வை நான் முன்னிறுத்துவதற்குக் காரணம் அதன் அழகு மட்டும் இல்லை. அச்சு வடிவத்தைச் செதுக்கும் விலையுயர்ந்த ஒளிப்பொறிப்புக் கருவி இல்லாமலே நுண்வலை உருவாகிறது. உலோகத்தை ஆவியாக்கும் வெற்றிடக் கருவி ஒன்று இருந்தால் போதும். அது தமிழ்நாட்டின் பல இயற்பியல் துறைகளில் இருக்கிறது. எளிய கருவியை வைத்துக்கொண்டு ஆழமான கேள்வி கேட்கலாம் என்பதற்கு இது சமகாலச் சான்று.

4. கிருஷ்ணன் தொங்கவிட்ட படிகம்

பழைய சான்றும் உண்டு, அதுவும் நம் மலையடிவாரத்திலிருந்தே. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டாரத்தில் 1898இல் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன், கல்கத்தாவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் பணிபுரிந்தபோது கிராஃபைட் படிகத்தை ஆராய்ந்தார். மெல்லிய இழையில் படிகத்தைத் தொங்கவிட்டுக் காந்தப்புலத்தில் அது எவ்வளவு முறுக்கிக்கொள்கிறது என்று அளப்பது அவர் கையாண்ட முறைகளில் ஒன்று. 1939இல் என். கங்குலியுடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் வெளியிட்ட குறிப்பில், கிராஃபைட்டின் தளத்தின் வழியே மின்சாரம் பாய்வதற்கும் தளத்துக்குச் செங்குத்தாகப் பாய்வதற்கும் பல ஆயிரம் மடங்கு வேறுபாடு இருப்பதைக் காட்டினார். கிராஃபைட் என்பது தளர்வாக அடுக்கப்பட்ட தாள்களின் கட்டு, மின்சாரம் ஒவ்வொரு தாளுக்குள்ளும் தாராளமாக ஓடுகிறது என்பதே அதன் பொருள். ஒற்றைத் தாளை ஒட்டுநாடாவால் பிரித்தெடுத்து கிராஃபீன் என்று உலகம் கொண்டாடியது 2004இல். நெகிழ் மின்னணுவியல் பெரிதும் நம்பியிருக்கும் பொருள்களில் ஒன்று அது. அந்தக் கிராஃபைட் சிவகங்கை மண்ணிலும் கிடைக்கிறது. தமிழ்நாடு கனிம நிறுவனம் அங்கே தோண்டி எடுக்கிறது.

கிருஷ்ணனின் அறிவியலில் கவனிக்க வேண்டியது அளவீட்டின் கறார்த்தன்மை. புதிய பொருள் எதையும் அவர் கண்டுபிடிக்கவில்லை. எல்லோரும் பென்சிலில் வைத்திருந்த பொருளை எவரும் அளக்காத நுணுக்கத்தோடு அளந்தார்.

இதற்கு எதிர்த்திசையில் ஓர் அனுபவமும் நமக்குண்டு. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையம், பேராசிரியர் பி. ராமசாமியின் முயற்சியால் வளர்ந்து, தமிழ்நாட்டுக் கல்லூரிகள் எங்கும் படிக ஆய்வைப் பரப்பியது. ஒரு முகவை, ஒரு வெப்பநிலை நிலைப்படுத்தி, பொறுமை ஆகியவற்றோடு சிற்றூர்க் கல்லூரியிலும் ஆய்வு தொடங்கலாம் என்ற துணிவை அது தந்தது. அந்தப் பணியின் பெருமை குறைவில்லாதது. ஆனால் எளிதில் நுழையக்கூடிய துறையில் 'புதிய படிகம்' என்ற அறிவிப்பே இலக்காக மாறும் ஆபத்தும் உண்டு. கோவா பல்கலைக்கழகத்தின் வேதியியலாளர் பி.ஆர். சீனிவாசன் பல ஆண்டுகள் பொறுமையாக அமர்ந்து, பல இதழ்களில் புதியவை என்று வெளியான கரிம, அரைக்கரிமப் படிகங்களில் பல உண்மையில் முன்பே அறியப்பட்ட சேர்மங்கள் அல்லது தொடக்க வேதிப்பொருளே என்று ஒவ்வொன்றாக மறுத்து எழுதினார். அவருடைய மறுப்புகளைப் படிப்பது எந்த ஆராய்ச்சியாளருக்கும் கசப்பாக இருக்கும். ஆனாலும் முதலாண்டு முனைவர் பட்ட மாணவர்கள் எல்லோரும் அவற்றைப் படித்தாக வேண்டும்.

நெகிழ் மின்னணுவியலில் அதே ஆபத்து இன்று வேறு உருவில் நிற்கிறது. ஒரு நுண்துகளைத் தயாரித்து, எக்ஸ்ரே விளிம்பு விளைவால் உறுதிசெய்து, மின்னணு நுண்ணோக்கிப் படமெடுத்து, பிளாஸ்டிக் தாளில் பூசி, சில நூறு தடவை வளைத்து, 'நெகிழ் கருவிகளுக்கு ஏற்றது' என்ற கடைசி வாக்கியத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அடுத்த ஜூலையில் அந்தத் தாள் என்ன ஆனது என்று யாரும் எழுதுவதில்லை. முனைவர் பட்டத்துக்கு ஆய்விதழ் வெளியீடு கட்டாயம் என்ற விதியைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையில் நீக்கியது நல்ல திருத்தம். எண்ணிக்கையின் நெருக்கடி அதனால் மட்டும் தீராது. ஆனால் மெதுவான ஆய்வுக்கு ஓர் இடைவெளி திறந்திருக்கிறது.

5. ஈரம் என்னும் எதிரி

கரிமப் பொருள்களால் ஆன ஒளி உமிழும் திரைக்கும் சூரிய மின்கலத்துக்கும் வளைவைவிடக் கொடிய எதிரி ஈரம். நீராவி உள்ளே புகுந்தால் உலோக மின்முனை ஆக்சைடாகும், திரையில் கரும்புள்ளிகள் பரவும். கண்ணாடி மூடியிருந்தால் கவலையில்லை. ஆனால் கண்ணாடி வளையாது. பிளாஸ்டிக் வளையும்; ஆனால் நீராவியை விடும். சாதாரண பெட் தாளில் ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு நாளில் சில கிராம் நீராவி ஊடுருவும். கரிம ஒளித்திரைக்குத் தேவைப்படும் அளவு, ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது ஒரு சதுர மீட்டர் படலத்தில் ஒரு கிராம் நீர் உள்ளே புக 2,700 ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டும். கருவியைச் செய்வதைவிட அதை மூடுவதற்கு அதிக அறிவு செலவாகும் துறை இது.

மூடியின் தரத்தை அளக்க எளிய வழி கால்சியம் சோதனை. மெல்லிய கால்சியம் படலம் உலோகப் பளபளப்போடு இருக்கும். நீரோடு சேர்ந்தால் ஒளி புகும் சேர்மமாக மாறிவிடும். அது எவ்வளவு வேகமாகத் தெளிகிறது, அதன் மின்தடை எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்த்தே ஊடுருவலைக் கணக்கிடலாம்.

தொழிற்சாலைகள் 85 டிகிரி வெப்பமும் 85 சதவீத ஈரப்பதமும் உள்ள பெட்டிக்குள் மாதிரிகளை வைத்து விரைவுச் சோதனை செய்கின்றன. இந்தப் பெட்டி நிலைமை உலகெங்கும் ஒன்றே. ஊர்களின் நிலைமை அப்படியில்லை. குற்றாலச் சாரலில் ஈரமும் வெயிலும் ஒரே நாளில் பலமுறை மாறி மாறி வருகின்றன. மேகம் விலகினால் தாள் சுடும், அடுத்த பொழுதே நனையும். விரிவதும் சுருங்குவதும் ஒரு மறைமுக வளைவுச் சோதனைதான். அதைச் சீரான பெட்டிக்குள் பெற முடியாது.

இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் ஒளிமின் ஆய்வு மையமும் மத்திய அரசின் சூரிய ஆற்றல் நிறுவனமும் சேர்ந்து 2013 முதல் சில சுற்றுகளாக நாடெங்கும் நிறுவப்பட்ட சூரிய மின்தகடுகளை நேரில் போய்ச் சோதித்தன. வெப்பமான பகுதிகளில் தகடுகள் குளிர்ந்த பகுதிகளைவிட வேகமாகத் தேய்கின்றன என்பதை அந்த ஆய்வு இந்தியக் கூரைகளிலிருந்தே நிறுவியது. அதைச் செய்ய எந்தப் புதிய பொருளும் தேவைப்படவில்லை. ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது.

6. ஒரே பல்கலைக்கழகத்துக்குள் நான்கு காற்று

1990இல் தொடங்கப்பட்டு அபிஷேகப்பட்டியில் இயங்கும் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் எல்லையை வரைபடத்தில் பார்த்தால் எனக்கு வியப்புத் தட்டுகிறது. மேற்கே செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கும் ஈரக்காற்றும் குற்றாலச் சாரலும். நடுவே, அதே ஜூன், ஜூலையில் பாளையங்கோட்டையின் வறண்ட வெயில். கிழக்கே தூத்துக்குடி உப்பளங்களின் உப்புக்காற்று. வெள்ளியையும் தாமிரத்தையும் குளோரைடு அரிக்கும் காற்று அது. தெற்கே இரண்டு பருவமழையும் தொடும் கன்னியாகுமரி. தென்காசியிலிருந்து தூத்துக்குடிவரை சாலைவழி சுமார் 110 கிலோமீட்டர்தான். ஒரே பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளின் மொட்டைமாடிகளிலேயே இத்தனை காற்று. ஒரு பொருள் வெளியில் எப்படி மூப்படைகிறது என்பதை ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல இடத்தைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

எதிர்வாதங்களைப் புறக்கணிக்க முடியாது. முதலாவது, வெளிப்புறச் சோதனை மெதுவானது, கட்டுப்பாடற்றது; ஒரு தாள் கெட்டால் ஈரத்தால் கெட்டதா, புறஊதாக் கதிரால் கெட்டதா என்று பிரிப்பது கடினம். இது சரியான மறுப்பே. அதனால்தான் ஒரே மாதிரியின் ஒரு பகுதியை இருட்டில், ஒரு பகுதியைக் கண்ணாடிக்கு அடியில், ஒரு பகுதியைத் திறந்தவெளியில் வைக்க வேண்டும்; பக்கத்திலேயே வெப்பம், ஈரப்பதம், கதிர்வீச்சு மூன்றையும் இடைவிடாமல் பதிய வேண்டும். பெட்டிச் சோதனையை இது அகற்றாது, அதன் ஊகத்தைச் சரிபார்க்கும்.

இரண்டாவது மறுப்பு, மாதிரிகள் எங்கிருந்து வரும் என்பது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் ஆதரவோடு 2014இல் தேசிய நெகிழ் மின்னணுவியல் மையம் தொடங்கப்பட்டது. உருளையிலிருந்து உருளைக்குத் தாளை ஓட்டி அச்சிடும் வகைக் கருவிகள் இருக்க வேண்டியது அத்தகைய மையத்தில்தான். ஒவ்வொரு கல்லூரியும் அதை வாங்க நினைப்பது வீண். செய்வது அங்கே, மூப்பைப் பார்ப்பது இங்கே என்ற பங்கீடு இருவருக்கும் நல்லது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிப்பு ஆய்வில் தேர்ந்தது. உப்புக்காற்றுப் பகுதிக்கு அதன் துணை கிடைத்தால் வழி தெளிவாகும். அதுவும் உடனே கூடவில்லை என்றால், நெகிழ் மின்னணுவியல் நம் வீட்டிலேயே இருக்கிறது. கணினி விசைப்பலகையைத் திறந்தால் அடியில் வெள்ளி மையால் மின்தடம் அச்சிட்ட பிளாஸ்டிக் தாள் கிடைக்கும். இண்டியம் டின் ஆக்சைடு பூசிய பெட் தாளை ஆய்வகப் பொருள் விற்பவர்களிடமே வாங்கலாம். வளைப்பதற்கு ஒரு ஸ்டெப்பர் மோட்டாரும் அளப்பதற்கு ஒரு நல்ல மல்டிமீட்டரும் போதும்.

சிவகாசியை இங்கே சொல்லாமல் போகக்கூடாது. மின்தடத்தை அச்சிடுவதும் அச்சுத்தொழில்தான். நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று பிசகாமல் விழ வேண்டும் என்ற கவலை, ஈரநாளில் தாள் நீண்டு வண்ணம் விலகுவது, மை உலரும் நேரம், ஸ்கிரீனின் இழை நெருக்கம் ஆகிய யாவும் அங்குள்ள அச்சகத்தாரின் அன்றாடப் பாடு. அச்சு மின்னணுவியலில் அதே பிசகைச் சில பத்து மைக்ரானுக்குள் அடக்க வேண்டும், அவ்வளவுதான். தென்மாவட்டப் பொறியியல் மாணவர் ஒருவர் ஆறு மாதம் சிவகாசி ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறையில் அமர்ந்து கற்பதை எந்தப் பாடத்திட்டமும் பாடமாக மதிப்பதாகத் தெரியவில்லை. மதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாவது மறுப்பு, இப்படிப்பட்ட ஆய்வைப் பெரிய இதழ்கள் ஏற்குமா என்பது. சில ஏற்காமல் போகலாம். ஆனால் ஐந்து சாரல் பருவங்களின் தொடர்ச்சியான அளவீடு ஒரு துறையிடம் இருந்தால், அதைத் தேடி உற்பத்தியாளர்கள் வருவார்கள். 2023இல் சட்டமாகிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை, பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் ஆய்வை வளர்ப்பதையும் தன் நோக்கமாக அறிவித்திருக்கிறது. அதன் கதவைத் தட்டும்போது 'இன்னொரு புதிய நுண்துகள்' என்ற விண்ணப்பத்தைவிட 'நான்கு காற்றில் ஐந்தாண்டு அளவீடு' என்ற விண்ணப்பத்துக்கு நியாயம் அதிகம் என்று நான் கருதுகிறேன்.

குற்றாலத்திலும் திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் கன்னியாகுமரியிலும் இயற்பியல், வேதியியல் துறைகளில் பணிபுரியும் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. நான்கு கல்லூரி, நான்கு மொட்டைமாடி, ஒரே வகை மாதிரி, ஒரே அளவீட்டுப் பதிவேடு. தென்மேற்குப் பருவம் ஜூன் முதல் வாரத்தில் தொடங்கும். மாதிரிகளை மே மாதம் முடிவதற்குள் மாடியில் பொருத்திவிட வேண்டும்.